எஞ்சினில் துளை போட்டவனைத் தேடி வந்த ஆர்டிஸ் லோக்கன்

மேடை என்று சொன்னால் சிரிப்பீர்கள். நான்கு மரத்தட்டுகளை அடுக்கி, மேலே ஒரு ப்ளைவுட் பலகையைப் போட்டது நான்தான். அதன்மேல் துணிந்து அமர்ந்திருக்கும் எங்கள் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் பெர்ன்ட்சன் அவர்களே! தலைநகரிலிருந்து நான்கு மணி நேரம் பனியில் காரோட்டி வந்திருக்கும் மாநில எரிசக்தி அலுவலகத்தின் காவ் நூ ஷியோங் அவர்களே! வடக்கு வழித்தடத்தின் கடைசி வீட்டிலிருந்து வந்திருக்கும் டெல்லா ஹாக்ஸ்டாட் அவர்களே! மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு, 'என் பேரைச் சொல்லிடாதே' என்று கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருக்கும் என் மைத்துனர் ராய்ஸ் அவர்களே! இந்தக் குளிரிலும் பஸ் கொட்டகைக்கு வந்து, காப்பிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருக்கும் டோர்வால் மக்களே! உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். வெண்டல் கோஸ்கி. இந்தப் பள்ளியின் பஸ் ஓட்டுநர். பஸ் நின்றுபோனால் மெக்கானிக். எட்டாம் வகுப்போடு பள்ளியைவிட்டு ஓடியவன், இருபத்தாறு வருடமாகத் தினம் இரண்டு முறை அதே பள்ளிக்குப் போய்வருகிறேன். தண்டனை என்றால் இதுதான் தண்டனை!

என் கையில் தாள் இல்லை. எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் எழுதி வந்து வாசித்தார்கள். இவன் மட்டும் ஏன் வெறுங்கையோடு வந்து நிற்கிறான் என்று யோசிப்பீர்கள். யோசியுங்கள். கடைசியில் சொல்கிறேன்.

இன்று நாம் கூடியிருப்பது ஆர்டிஸ் லோக்கனுக்காக. மாநில எரிசக்தி அலுவலகத்தின் மூத்த எழுத்தர். அறுபத்தேழு வயதிலும் ஓய்வு பெறமாட்டேன் என்று அடம்பிடித்த ஆர்டிஸ் லோக்கன். மூன்று வாரத்துக்கு முன்னால், காலையில் வாசல் பனியைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அடக்கம் தலைநகரில் நடந்துவிட்டது. ஆளுநர் மலர்வளையம் அனுப்பினாராம். இருக்கட்டும். ஆனால் அவருடைய சொந்த ஊர் இல்லாத இந்த டோர்வாலில், எண்ணெய்க் கறை படிந்த இந்தத் தரையில், நூற்றிருபது பேர் ஏன் கூடியிருக்கிறோம்? தலைநகரில் உட்கார்ந்திருந்த ஓர் எழுத்தருக்கும் நமக்கும் என்ன உறவு?

இன்னொரு கேள்வியும் உண்டு. அது என் சொந்தக் கேள்வி. பதினொரு வருடமாக, ஒவ்வொரு மார்ச் மாதமும் அந்த அம்மையார் எனக்குப் போன் செய்து சட்டம் வாசித்துக் காட்டினார். எனக்கு! சட்டம்! ஏன்? இதற்கு விடை இன்று காலை பத்து மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலும் டீசலும் போடாத வண்டிகள் இருக்கின்றன அல்லவா? மின்சாரத்தில் ஓடுவது, கேஸில் ஓடுவது, பொரித்த எண்ணெயை வடிகட்டி ஊற்றி ஓட்டுவது. அந்த வண்டிகளுக்கு நம் மாநிலம் என்னென்ன சட்டம் போட்டிருக்கிறது, என்னென்ன சலுகை தருகிறது, எந்தச் சலுகை எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலைக் காப்பவர் ஆர்டிஸ். சட்டம் போடுவது அவரில்லை. பணம் கொடுப்பதும் அவரில்லை. பட்டியலைச் சரியாக வைத்துக்கொள்வது மட்டும்தான் வேலை. வேறு யாராக இருந்தாலும் தேதியை மாற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள். ஆர்டிஸ் ஒவ்வொரு வரியையும் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்பார்: ஏன்?

அந்த 'ஏன்' என்னைத் தேடி இந்தக் கொட்டகைக்கு வந்த கதையைச் சொல்கிறேன். ராய்ஸ், காதைப் பொத்திக்கொள்.

பதினொரு வருடத்துக்கு முந்தைய ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. வடக்கு வழித்தடத்தின் பழைய ஏழாம் எண் பஸ்ஸை நினைவிருக்கிறதா? அந்தக் குளிரில் டீசல் மெழுகாக உறைந்துவிடும். நாற்பத்தாறு மைல் பாதை, பத்தொன்பது பிள்ளைகள். வாரத்துக்கு ஒருமுறையாவது அவர்கள் வீட்டு வாசலில் நின்று விறைத்துப்போவார்கள். அப்போது பெர்ன்ட்சன் அவர்கள் ஒரு தாள்கட்டை என்னிடம் நீட்டினார்.

"வெண்டல், பழைய டீசல் பஸ்ஸை ஒழிச்சா, கேஸ்ல ஓடுற புது பஸ்ஸுக்கு மாநிலம் முக்கால்வாசிப் பணம் குடுக்குதாம். படிச்சுப் பாரு."

பார்த்தேன். ஒன்பது பக்கம். எட்டுப் பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு படம். ஓர் எஞ்சின், அதன் நடுவில், இனி அந்த எஞ்சின் ஜென்மத்துக்கும் ஓடக்கூடாது என்பதற்காகப் போட்ட மூன்று அங்குலத் துளை. படம் பார்த்தால் எனக்குப் புரியும். எஞ்சினில் துளை போடு, போட்டோ எடு, அனுப்பு, புது பஸ் வரும். இதில் என்ன கஷ்டம்?

அன்று வெள்ளிக்கிழமை. பஸ்ஸின் மாலை நடையை முடித்துவிட்டு வந்து, ராய்ஸைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் இதோ, இப்போது பெர்ன்ட்சன் உட்கார்ந்திருக்கிறாரே, அதே இடத்தில் துளை போட்டோம். அழகான துளை! துளைக்குப் பக்கத்தில் நின்று, கட்டைவிரலை உயர்த்தி, ஈயென்று இளித்துக்கொண்டு போட்டோ எடுத்தோம். தபாலில் போட்டோம். பிறகு மீன் வறுவல் சாப்பிடப் போய்விட்டோம்.

திங்கட்கிழமை காலை பெர்ன்ட்சன் வந்தார்.

"ஏழாம் நம்பர எடுக்கலையா?"

"எப்படி எடுக்கறது? அதான் துளை போட்டாச்சே!"

"என்னது? துளையா? ஏய், விண்ணப்பமே இன்னும் அனுப்பலையேய்யா!"

முதல் எட்டுப் பக்கத்தில் இருந்தது அதுதான். முதலில் விண்ணப்பம். பிறகு ஒருவர் வந்து, பஸ் ஓடுகிறதா என்று பார்ப்பார். ஓடுகிற வண்டியை ஒழித்தால்தான் பணம். ஓடாத இரும்புக்குக் கிடையாது. பிறகு ஒப்புதல் கடிதம் வரும். அதற்கெல்லாம் பிறகுதான், கடைசியிலும் கடைசியில், துளை.

இந்த மாநிலத்தில் எத்தனையோ முட்டாள்கள் இருக்கிறார்கள். ஆனால் துளையிலிருந்து தொடங்கிய முட்டாள்கள் ராய்ஸும் நானும் மட்டும்தான்!

சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? அன்று யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் ஒரு பஸ்ஸை இரண்டு வாரத்துக்கு இரவல் கொடுத்தார்கள். அதற்குமேல் ஒரு நாளும் முடியாது என்றார்கள். அது போய்விட்டால் வடக்கு வழித்தடம் கிடையாது. பத்தொன்பது பிள்ளைகளும் வேறு பள்ளியில் சேர வேண்டும். பத்தொன்பது பேர் போனால் நம் பள்ளி நிற்குமா? நிற்காது என்று பள்ளிக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். என் வேலை போகும் என்பது எனக்கும் தெரியும். அந்த வாரம் கடைத்தெருவில் என்னோடு பேசியது இரண்டே பேர். ஒருவர் பாதிரியார், அது அவருடைய கடமை. இன்னொருவர் ராய்ஸ், அவரோடும் வேறு யாரும் பேசவில்லை.

ஆறாம் நாள் ஒரு சிறிய மின்சாரக் கார் இந்த வாசலில் வந்து நின்றது. நீல நிறக் குளிர்கோட்டுப் போட்ட ஓர் அம்மையார் இறங்கினார். கையில் எங்கள் இரண்டு பேருடைய இளிப்புப் போட்டோ.

"இதுல வெண்டல் கோஸ்கி யாருங்க?"

"அழகா இருக்கிறவன்தான்."

அவர் போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்போ ரெண்டு பேருமே இல்லையே," என்றார்.

அதுதான் ஆர்டிஸ் லோக்கன்!

"என்னை வேலைய விட்டுத் தூக்க வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"அது என் வேலை இல்லை. பதினாறு வருஷமா இந்தப் படிவத்த அனுப்புறேன். விண்ணப்பம் வரும், கடிதம் வரும், திட்டுகூட வந்திருக்கு. துளை மட்டும் தனியா வந்ததே இல்லை. ஏன்னு தெரிஞ்சுக்கணும்."

"இதுக்காக நாலு மணி நேரம் ஓட்டிட்டு வந்தீங்களா?"

"ஆறு. நடுவுல சார்ஜ் போட்டேன்."

துளையைப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார். பிறகு படிவத்தை என் முன்னால் நீட்டினார்.

"எந்த இடத்துல குழப்பமா இருந்துச்சு? காட்டுங்க."

"கண்ணாடி வண்டியில இருக்கு," என்றேன்.

ஒரு கணம் என்னைப் பார்த்தார். "சரி. நானே வாசிக்கிறேன்," என்றார்.

ஒன்பது பக்கத்தையும் வாசித்தார். நாலாம் பக்கத்தில் ஒரு வரி வந்தது. பஸ் ஓடியதற்கு ஆய்வாளரின் சான்று வேண்டும், அல்லது அலுவலகம் ஏற்கும் வேறு ஆதாரம் வேண்டும்.

"வேறு ஆதாரம்னா என்ன?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே! "நானும் எங்க மேலாளர்கிட்ட கேட்டிருக்கேன். யாரும் இதுவரைக்கும் கொண்டுவரல, அதனால தெரியாதுன்னாரு," என்றார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டார். "வாங்க. அது என்னன்னு போய்ப் பாப்போம்."

இரவல் பஸ்ஸில் ஏறினார். நாற்பத்தாறு மைல். வழியில் இருந்த ஒவ்வொரு வீட்டிலும் இறங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி: போன வெள்ளிக்கிழமை வரை ஏழாம் எண் பஸ் ஓடியது உங்களுக்கு எப்படித் தெரியும்?

டெல்லா, நீங்கள் என்ன செய்தீர்கள்? மாட்டுத் தொழுவ நாட்குறிப்பை எடுத்து வந்தீர்கள். 'பஸ் போனது. இரண்டாம் கறவை தொடக்கம்.' தினமும் அதே வரி, நான்கு வருடத்துக்கு! பஸ் வராத நாளில் என்னைப் பற்றி எழுதியிருந்ததையும் ஆர்டிஸ் சத்தம் போட்டு வாசித்தார். அது இந்த மேடைக்கு ஆகாது.

ஓரின் ஃபாஸ் கையைத் தூக்குகிறார். ஆமாம், சொல்கிறேன், கையை இறக்குங்கள். ஓரினுடைய நாய் பிக்கிளை எல்லோருக்கும் தெரியும். இதோ, ஹீட்டருக்குப் பக்கத்தில் தூங்கிக் கிடக்கிறது. அன்று அது மூன்று வயதுப் பயல். ஓரின் ஆர்டிஸிடம் சொன்னார்:

"காலைல ஆறு நாப்பதுக்கு அந்த பஸ் உறுமும். பிக்கிள் எந்திரிச்சுக் குரைக்கும். நான் எந்திரிப்பேன். போன திங்கக்கிழமையிலேருந்து, இந்த இரவல் பஸ்ஸு சத்தத்துக்குப் பிக்கிள் எந்திரிக்கவே இல்ல. நான் மூணு நாள் வேலைக்கு லேட்டு. இத எழுதிக்குங்க!"

எழுதிக்கொண்டார். நாயின் வயது உட்பட எழுதிக்கொண்டார். இருபத்தேழு வீடு. இருபத்தேழு சாட்சிக் கடிதம். யாருக்கும் என்மேல் பிரியம் பொங்கி வழிந்ததால் இல்லை. அவர் கேட்ட விதம் அப்படி. உலகத்திலேயே அந்த பஸ்ஸைவிட முக்கியமான விஷயம் வேறில்லை என்பது போலக் கேட்டார்.

இரண்டு வாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கொட்டகையில் போன் அடித்தது.

"வெண்டல், எங்க மேலாளர் கதவைச் சாத்திக்கிட்டு இருபத்தேழையும் படிச்சாரு. நாய் கடிதம் வந்தப்போ சிரிச்ச சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டுச்சு. கையெழுத்துப் போட்டுட்டாரு. பஸ் வர்ற வரைக்கும் இரவல் பஸ்ஸ வெச்சுக்கலாம், அவங்ககிட்டயும் பேசிட்டேன்."

நான் போனிலேயே மூக்கை உறிஞ்சினேன். அவர் சொன்னார்: "அழாதய்யா. போன்ல துரு பிடிச்சிடும்."

அப்படி வந்ததுதான் அதோ நிற்கிற புது ஏழாம் எண். பதினொரு குளிர்காலம்! ஒரு நாள்கூட அது குளிருக்குப் பயந்து நின்றதில்லை. அது சத்தமே போடாமல் போவதால் பிக்கிள் எழுவதில்லை, தனக்கு அலாரக் கடிகாரம் வாங்கித் தரவேண்டும் என்று ஓரின் மாநிலத்துக்கு எழுதினார். ஆர்டிஸ் அதற்கும் பதில் எழுதினார்: 'அப்படி ஒரு சலுகை பட்டியலில் இல்லை. வருந்துகிறேன்.'

அதே வருடம் மார்ச்சில் முதல் போன்.

"வெண்டல், புதுசா ஒரு படிவம் எழுதியிருக்கேன். வாசிக்கிறேன், கேளு. உன் கண்ணாடி இன்னும் வண்டியிலதானா?"

"வண்டியிலதான்."

"நெனச்சேன்."

வாசிப்பார். நான் குறுக்கே கேள்வி கேட்பேன். ஊருக்குள் மெதுவாகப் போகும் மின்சார வண்டிக்கு அனுமதி என்றால், அதில் மீன்பிடிக்க ஏரிப் பனிமேல் போகலாமா? கேஸ் லாரிக்குக் கூடுதல் எடை அனுமதி என்றால், என் மைத்துனருக்கும் அந்தச் சலுகை உண்டா? ஒருமுறை கேட்டேன்: "மோட்டாரே தொடாத ஆமிஷ்காரங்க குதிரை வண்டி பெட்ரோலும் போடல, டீசலும் போடல. குதிரை தின்னுற ஓட்ஸ் மாற்று எரிபொருளா?"

சிரித்தார். போனை வைத்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி அடித்தார்.

"பாத்தேன். ஓட்ஸ் பட்டியல்ல இல்ல. ஆனா ஏன் இல்லன்னு இங்க யாருக்கும் தெரியல."

தேடியிருக்கிறார்! நான் கிண்டலுக்குக் கேட்டதை இரண்டு நாள் தேடியிருக்கிறார்! இப்படி ஒரு அரசு ஊழியரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் இன்னொருவரைப் பார்க்கவில்லை.

பதினொரு மார்ச். தலைநகரில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை போலிருக்கிறது, என் நகைச்சுவைக்காகத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மார்ச்சில் போன் வரவில்லை. வந்தது செய்தி.

இன்று காலை பத்து மணிக்கு, காவ் நூ அவர்கள் ஓர் அட்டைப் பெட்டியோடு இந்தக் கொட்டகைக்கு வந்தார். ஆர்டிஸின் மேசையிலிருந்து எடுத்தது. பெட்டிமேல் என் பெயர் இருந்ததாம். என்னிடம் நீட்டினார். என் வாய் தானாகச் சொன்னது: "கண்ணாடி வண்டியில இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். "அப்படித்தான் சொல்வீங்கன்னு உள்ளேயே எழுதியிருக்காங்க," என்றார்.

உள்ளே அத்தனை படிவமும் இருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஒரு குறிப்பு. காவ் நூ வாசித்தார். 'வெண்டலிடம் வாசித்தேன். இரண்டாம் பத்தியில் நின்றார். மாற்றி எழுத வேண்டும்.' 'வெண்டலிடம் வாசித்தேன். மூன்று தடவை கேட்டார். என் தவறு.' 'வெண்டலுக்குப் புரிந்தது. அச்சுக்கு அனுப்பலாம்.' பதினொரு வருடமாக, நம் மாநிலத்தில் ஒரு விவசாயியோ, ஒரு சின்னப் பள்ளியோ, ஒரு டாக்ஸிக்காரரோ வாங்கிய எந்தச் சலுகைப் படிவமும், இந்த மண்டைக்குள் ஏறி இறங்காமல் அச்சாகவில்லை. எனக்குத் தெரியாமலே நான் அரசாங்கத்துக்கு வேலை பார்த்திருக்கிறேன்!

பெர்ன்ட்சன் அவர்களே, நீங்கள் அன்று என்னிடம் படிக்கச் சொன்னீர்கள். பதினொரு வருடமாக எல்லோரும் என்னைக் கேட்டீர்கள்: ஏண்டா முதலில் துளையைப் போட்டாய்? ஆர்வக்கோளாறு என்றேன். ராய்ஸின் யோசனை என்றேன். மன்னித்துக்கொள், ராய்ஸ். உண்மையைச் சொல்கிறேன். என் கண்ணாடி வண்டியில் இல்லை. எனக்குக் கண்ணாடியே கிடையாது. கண் நன்றாகத்தான் தெரிகிறது. எழுத்துதான் தெரியாது. பெயர்ப் பலகை வாசிப்பேன், உதிரிப் பாகத்தின் எண் வாசிப்பேன். ஒரு பக்கம் என்றால் பாதியிலேயே மூழ்கிவிடுவேன். கையில் ஏன் தாள் இல்லை என்பதற்கும் பதில் இதுதான்.

ஆர்டிஸ் லோக்கனுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்டவர், இதை மட்டும் என்னிடம் கேட்கவில்லை. ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. என்னைத் திருத்தவில்லை, படிவத்தைத் திருத்தினார். இப்போது அந்த பஸ் படிவத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள். பெரிய எழுத்தில் இரண்டே வரி; என்னாலேயே வாசிக்க முடிகிறது: 'முதலில் எங்களுக்குப் போன் செய்யுங்கள். துளை கடைசியில்.' கீழே அவருடைய எண்.

நண்பர்களே, அந்தப் படிவத்துக்கு இன்னும் மூன்று மாதம்தான் உயிர். ஜூன் முப்பதோடு சட்டம் காலாவதி. வரும் செவ்வாய்க்கிழமை தலைநகரில் சட்டமன்றக் குழு கூடுகிறது. இதை யார் பயன்படுத்துகிறார்கள், ஒருவரும் இல்லையென்றால் விட்டுவிடலாமே என்று குழுத் தலைவர் கேட்டிருக்கிறாராம். தெற்கு வழித்தடத்தின் நான்காம் எண் இன்னும் டீசல்தான். இந்த ஜனவரியில் இரண்டு முறை நடுவழியில் நின்றது. முப்பத்தொரு பிள்ளைகள் உள்ளே. சட்டம் போய்விட்டால் அதற்குப் புது பஸ் எப்போதும் வராது. நான்காம் எண் மட்டுமில்லை, இதுபோல எத்தனை ஊரோ!

அந்தக் குழுவுக்கு முன்னால் பேச ஆர்டிஸ் ஆள் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். பெட்டியின் அடியில் கடைசித் தாள் அதுதான். முதல் பெயர்: 'வெண்டல் கோஸ்கி, டோர்வால். இன்னும் கேட்கவில்லை. மார்ச்சில் கேட்க வேண்டும். கண்ணாடி என்பார். தாள் வேண்டாம், கேள்வி கேட்டால் போதும் என்று குழுவிடம் சொல்லிவைக்க வேண்டும்.'

ஆர்டிஸ், மார்ச் முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது. கேட்டுவிட்டீர்கள். வருகிறேன்!

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு ஏழாம் எண் இங்கிருந்து கிளம்பும். பெர்ன்ட்சன் அவர்கள் அனுமதி கொடுத்துவிட்டார். கொடுக்கவில்லை என்றால் இப்போது கொடுக்கட்டும். சரியென்று தலையை ஆட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்பத்தெட்டு இருக்கை. டெல்லா நாட்குறிப்போடு வருகிறார். ஓரின் வருகிறார், யாராவது எழுப்பிவிட்டால். அந்த மேசைக்கு முன்னால் நின்று என் பெயரைச் சொல்வேன். எனக்கு வாசிக்க வராது, கேளுங்கள், சொல்கிறேன் என்பேன். பதினொரு வருடம் என்னிடம் கேள்வி கேட்டவர் ஆர்டிஸ் லோக்கன். ஒரு குழுத் தலைவருக்கா பயப்படப்போகிறேன்?

காவ் நூ அவர்களே, அவருடைய நாற்காலியில் இனி நீங்கள். அடுத்த மார்ச்சில் எனக்குப் போன் வர வேண்டும். வராவிட்டால் நான் அடிப்பேன். ஒரு புதுப் படிவம்கூட இந்த மண்டையைத் தாண்டாமல் வெளியே போகக் கூடாது. இது ஆர்டிஸுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்போது எல்லோரும் எழுந்து நில்லுங்கள். ராய்ஸ், பெரிய கதவைத் திறந்துவிடு. அப்படியே ஏழாம் எண்ணைக் கிளப்பு. ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம், எஞ்சின் ஓடட்டும். அவர் வாங்கிக் கொடுத்த மௌனம் அது. அந்த ஒரு நிமிடமும் பிக்கிளைப் பாருங்கள்.

அது எழுந்திருக்காது.